குடுங்கப்பா, நான் பண்ணித் தரேன்

அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் தடையின்றி வர வேண்டுமென்றால் ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுத்தாக வேண்டும். நெடுங்காலம் வங்கிக்குப் போய், வரிசையில் நின்று, அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். 2014 நவம்பர் 10ஆம் தேதி மத்திய அரசு 'ஜீவன் பிரமாண்' திட்டத்தைத் தொடங்கிய பிறகு ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால் போதும் என்றானது. ஆனால் அப்பாவின் ரேகை இயந்திரத்தில் எளிதில் விழாது. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, ஈரத்துணியில் துடைத்து மறுபடி வைத்து, கடைசியில் ஏதோ ஒரு விரல் விழும். 2021இல் முகத்தைக் காட்டியே சான்று எடுக்கும் வசதி வந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. இனி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி, அவருடைய போனிலேயே முடித்துவிடலாம்.

அப்போது அவருக்கு 74 வயது. செயலியின் படத்தைத் தொட்டார், திறக்கவில்லை. இன்னும் அழுத்தித் தொட்டார். படம் இடம் பெயர்ந்து, பக்கத்தில் 'நீக்கு' என்று ஒரு சொல் முளைத்தது. பதறிக் கையை எடுத்துவிட்டார். "என்னமோ வந்துடுச்சுப்பா."

"குடுங்கப்பா, நான் பண்ணித் தரேன்" என்றேன். நாலே நிமிடம். கேமரா முன் முகத்தைக் காட்டிக் கண்ணிமைத்தது மட்டுமே அவர் செய்த வேலை.

அடுத்த நவம்பரிலும் அதே நாற்காலி, அதே பதற்றம். "போன வருஷம்தானே காட்டினேன், அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியில் இருந்த தவறு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. போன வருஷம் அவர் பார்த்தது என் கட்டைவிரல் கண்ணாடிமேல் ஓடியதை மட்டுமே. கற்றுக்கொள்ளாத ஒன்றை எப்படி மறக்க முடியும்?

முதியவர்களுக்குக் கம்ப்யூட்டரும் இணையமும் மண்டையில் ஏறாது என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிக்கிடக்கிறது. முதியவர்களே அதை நம்புகிறார்கள். மூளையைக் குற்றம் சொல்வதற்கு முன் விரலிலிருந்து தொடங்குவோம்.

இன்றைய தொடுதிரை அழுத்தத்தை அறிவதில்லை. கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவற்றைச் சுற்றி ஒரு சிறு மின்புலம் எப்போதும் இருக்கிறது. மனித விரல் நீரும் உப்பும் நிறைந்த நல்ல கடத்தி. அது அருகே வரும்போது அந்தப் புலத்தில் ஒரு பங்கை இழுத்துக்கொள்கிறது. அந்தச் சின்ன மாற்றத்தைத்தான் போன் 'தொட்டார்கள்' என்று கணக்கிடுகிறது. வயதாக ஆக வியர்வைச் சுரப்பிகள் மந்தமாகின்றன. தோலின் மேலடுக்கு உலர்ந்துபோகிறது. ஆயுள் முழுக்கக் கையால் வேலை செய்தவர்களுக்கு அது காய்த்தும் இருக்கும். உலர்ந்த தோல் சரியாகக் கடத்தாது. தடித்த தோல், உள்ளே இருக்கும் ஈரமான சதையைக் கண்ணாடியிலிருந்து தள்ளி வைக்கிறது. ஆக, கைரேகை இயந்திரத்தில் விழாத அதே விரல் தொடுதிரையிலும் சரியாக விழுவதில்லை.

ஒரு தடவை தொட்டு வேலை ஆகவில்லை என்றால் யாராக இருந்தாலும் அழுத்தித்தான் தொடுவார்கள். அழுத்தும்போது விரல்நுனி அகன்று பரப்பு கூடுகிறது, இப்போது போனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் அழுத்தி எடுக்க நேரமும் கூடுதலாகிறது. ஏறத்தாழ அரை விநாடியைத் தாண்டினால் போனின் அகராதியில் அது வேறொரு கட்டளை: தொட்டுப் பிடித்தல். திறக்க வேண்டியது திறக்காமல் 'நீக்கு' என்று கேட்பது இதனால்தான். அப்பா செய்தது முழுக்க நியாயமான செயல். போன் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்ற பகுதிக்குள் போனால் இந்த அரை விநாடியை நீட்டிக்கொள்ளலாம். அப்பாவின் போனில் இதை மாற்ற எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றுவதற்கு இரண்டு வருடம் ஆனது.

எழுத்துருவையும் அன்றே பெரிதாக்கினேன். 60 வயதுக்காரரின் விழித்திரையைச் சென்றடையும் ஒளி 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்குகிறது, விழிவில்லை மஞ்சள் படிந்து ஒளியை வடிகட்டுகிறது. வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் எழுத்து இளம் வடிவமைப்பாளரின் கண்ணுக்கு அழகாகத் தெரியலாம். அப்பாவின் கண்ணுக்கு அங்கே ஒன்றும் இருக்காது.

குறி வைப்பதும் அப்படித்தான். அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் ஒரு விதியைக் கண்டார்: இலக்கு எவ்வளவு தொலைவோ, எவ்வளவு சிறிதோ, அந்த அளவுக்குக் கை அதை அடைய எடுக்கும் நேரம் கூடும். அவர் உலோகத் தகடுகளை வைத்து அளந்தது பின்னாளில் மவுஸுக்கும் தொடுதிரைக்கும் பொருந்தியது. இலக்கு சிறுக்கச் சிறுக்க, கைநடுக்கம் உள்ளவர் கொடுக்கும் விலை இளைஞர் கொடுப்பதைவிட வேகமாக ஏறுகிறது. விளம்பரத்தை மூடுவதற்கு மூலையில் வைக்கும் அந்தப் பொடிப் பெருக்கல் குறியைச் சத்தமில்லாத அநியாயம் என்றே சொல்வேன்.

விரலையும் கண்ணையும் சரிசெய்த பிறகும் ஒன்று மிஞ்சியது. அப்பா ஒரு செயலிக்குள் போனபின் 'எங்கே இருக்கிறோம்' என்று தொலைந்துபோனார். வழி மறந்து நிற்பவரின் முகம் அது. அதற்கான விளக்கம் எனக்கு நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் கிடைத்தது.

அப்பாவின் இளமையில் வீட்டில் இருந்த கருவிகளை நினைத்துப் பாருங்கள். வால்வு ரேடியோவில் ஒரு திருகு ஒலிக்கு, இன்னொன்று நிலையம் பிடிக்க. சுவிட்சைத் தட்டினால் மின்விசிறி, வேறொன்றைத் தட்டினால் விளக்கு. ஒரு பொத்தான், ஒரு வேலை. எல்லாப் பொத்தான்களும் எப்போதும் கண்முன்னே. அந்தக் கருவிகளில் 'பின்னால் போ' என்ற ஒன்றுக்குத் தேவையே இல்லை. ஸ்மார்ட்போன் இதற்கு நேர் எதிர். ஒரே கண்ணாடிதான், அதற்குள் அடுக்கடுக்காக அறைகள். அதே இடம், இந்த அறையில் ஒரு வேலை செய்யும், அடுத்த அறையில் வேறு வேலை. தேடுவது கண்ணுக்குத் தெரியாத அறையில் இருக்கிறது என்று முதலில் நம்ப வேண்டும்.

மனிதர்கள் ஏறத்தாழ 10 முதல் 25 வயதுவரை எந்த வகைக் கருவிகளோடு புழங்குகிறார்களோ, அந்தப் பழக்கம் ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது என்று ஜெர்மன் சமூகவியலாளர்கள் சாக்மனும் வைமனும் 1990களில் வாதிட்டார்கள். இதைச் சோதிக்க நெதர்லாந்தில் டோகாம்போ ராமா என்ற ஆய்வாளரின் குழு வெவ்வேறு வயதினருக்கு அடுக்குத் திரைகளில் வேலை கொடுத்துப் பார்த்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டது. வேலையை முடிக்க எடுத்த நேரம் வயதோடு மெல்ல மெல்லக் கூடியது, எதிர்பார்த்ததுதான். தவறுகளின் எண்ணிக்கை அப்படி ஏறவில்லை. 1960ஐ ஒட்டிய பிறப்பாண்டுகளில் ஒரு படிக்கட்டுபோல் சட்டென்று தாவியது. உடலின் முதுமை படிக்கட்டு ஏறாது, அது சரிவுப்பாதை. படிக்கட்டு தெரிந்தால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது. அது வளர்ந்த காலத்தின் கருவிகள். அப்பாவின் தடுமாற்றத்தில் ஒரு பெரும் பங்குக்கும் அவர் மூளை நரைத்ததற்கும் தொடர்பில்லை. ரேடியோவின் இலக்கணத்தை வைத்துப் போனைப் படித்துக்கொண்டிருந்தார்.

இதைப் புரிந்துகொண்ட அன்று ஒரு பழைய நோட்டில் அவருக்கு வீட்டுப் படம் ஒன்று வரைந்தேன். வாசல், கூடம், சமையலறை, பூஜை அறை. "எங்க போய் மாட்டிக்கிட்டாலும் இந்தப் பொத்தான அமுக்கினா வாசலுக்கு வந்துடலாம்ப்பா. எதுவும் கெட்டுப்போகாது." வாசல் எங்கே என்று தெரிந்த பிறகு அவர் உள்ளே போகத் துணிந்தார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பழைய பழக்கம் தடையாகவே இருக்க வேண்டியதில்லை. அப்பா இளைஞராக இருந்தபோது, அரசு வேலைக்கு ஆசைப்பட்ட பையன்களும் பெண்களும் ஊர்தோறும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்வார்கள். காலை ஆறு மணி பேட்ச், வரிசையாக ரெமிங்டன் இயந்திரங்கள், முதலில் லோயர், பிறகு ஹையர். அப்பா ஆங்கிலத்தில் ஹையர் தேறியவர். போனின் கண்ணாடி விசைப்பலகையில் ஒற்றை விரலால் ஓர் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தவரின் முன்னால் என் கம்ப்யூட்டர் கீபோர்டை ஒருநாள் வைத்தேன். முதுகு நிமிர்ந்தது. இடக்கை விரல்கள் ஏ, எஸ், டி, எஃப் மேல் போய் அமர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டே தன் பெயரையும் முகவரியையும் அடித்தார். அந்த விரல்கள் இருபது ஆண்டுகளாக எந்தக் கீபோர்டையும் தொட்டிருக்கவில்லை.

திமத்தி சால்ட்ஹவுஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் சொல்ல வேண்டியது. 19 முதல் 72 வயதுவரையிலான தட்டச்சர்களை அவர் சோதித்தார். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துவது போன்ற எளிய சோதனையில் மூத்தவர்கள் எதிர்பார்த்தபடியே மெதுவாக இருந்தார்கள். ஆனால் தட்டச்சு வேகத்தில் வயதால் வேறுபாடே இல்லை! மெதுவான விரல்கள் எப்படி அதே வேகத்தில் அடிக்கின்றன? படிக்க வேண்டிய எழுத்துகளில் சிலவற்றை மட்டும் திரையில் காட்டியபோது மர்மம் அவிழ்ந்தது. மூத்தவர்களின் கண் விரலைவிட வெகுதூரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து வரப்போவதை முன்கூட்டியே பார்த்து விரல்களைத் தயார் செய்துகொண்டார்கள். முன்னால் பார்க்கும் வாய்ப்பைக் குறைத்தபோது அவர்கள் வேகம்தான் அதிகமாகச் சரிந்தது. வேகம் குறைந்த உடலுக்கு அனுபவம் வழி கண்டுபிடித்துக் கொடுத்திருந்தது. கற்றுக்கொடுக்கும் யாரும் முதலில் கேட்க வேண்டியது 'உங்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்' என்பதைத்தான். நான் அதை அப்பாவிடம் ஒருபோதும் கேட்டதில்லை.

உண்மையாகவே வயது தட்டிப் பறிக்கும் திறன்களும் இருக்கின்றன. அவற்றை மறைத்தால் முதியவர்களுக்குத்தான் கெடுதல். ஓடிபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு திரையில் படிவம். மேலே ஒரு செய்தி வந்து மறைகிறது. அதில் ஆறு இலக்கம். அதை மனத்தில் ஏந்திக்கொண்டு பழைய திரைக்குத் திரும்பி, சரியான கட்டத்தில் இட வேண்டும், அதுவும் கெடு முடிவதற்குள். கலிஃபோர்னியாவில் ஆடம் கசாலியின் குழு 2011இல் ஏறக்குறைய இதே நிலைமையை மூளைப் படப்பிடிப்புக் கருவிக்குள் நிகழ்த்திப் பார்த்தது. ஓர் இயற்கைக் காட்சியை நினைவில் வைக்கச் சொல்லி, நடுவே ஒரு முகத்தைக் காட்டி அதைப் பற்றிக் கேள்வி கேட்டு, பிறகு பழைய காட்சிக்குத் திரும்பச் சொன்னார்கள். இளையவர்களின் மூளை முகத்தை விட்டுவிட்டுக் காட்சிக்குத் திரும்பியது. முதியவர்களின் மூளையும் முகத்தைக் கவனித்தது, அதில் குறையில்லை. விடுவதில்தான் சிக்கல், குறுக்கே வந்ததைக் கைவிட்டுப் பழைய இழையை மறுபடி பிடிக்க அவர்களால் எளிதில் முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மின்னச் செய்யும் திரைகள் அந்த இடத்திலேயே அடிக்கின்றன.

அப்பாவுக்கு இதற்கு ஒரு துண்டுத்தாள் போதுமானதாக இருந்தது. ஓடிபி வந்ததும் தாளில் எழுதுவார், தாளைப் பார்த்து அடிப்பார், வேலை முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுவார். மனத்தில் ஏந்த வேண்டியதைத் தாளில் இறக்கி வைத்துவிட்டார்; நானாக இருந்தால் இதை யோசித்திருக்க மாட்டேன்.

இத்தனை தடைகளைத் தாண்டிக் கற்றால் என்ன நடக்கிறது? டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில் டெனிஸ் பார்க்கின் குழு, 60 முதல் 90 வயது வரையிலான, கம்ப்யூட்டரில் அதிகப் பழக்கமில்லாத சிலருக்குப் பத்து வாரம், வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், ஐபேடில் பயிற்சி கொடுத்தது. ஒப்பிடுவதற்காக இன்னொரு குழுவினர் கூடிப் பேசி மகிழ்ந்து பொழுதைக் கழித்தார்கள். மற்றொரு குழு வீட்டிலேயே புதுக் கற்றல் தேவைப்படாத வேலைகளைச் செய்தது. 2014இல் வந்த முடிவு: ஐபேட் கற்றவர்களுக்கு, நிகழ்வுகளை நினைவில் வைக்கும் திறனும் மூளையின் செயல்வேகமும் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தன. எல்லாத் திறன்களும் கூடவில்லை, ஆய்வும் சிறியதுதான். ஆனால் அந்த மூன்று குழுக்களை வைத்தது நல்ல யோசனை. நாலு பேரோடு கலகலப்பாக இருந்ததால் வந்த பலன் இல்லை இது. புதியதோடு மல்லுக்கட்டியதால் வந்தது. வாரத்துக்கு 15 மணி நேரம் என்பதையும் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பத்து நிமிடம் 'காட்டிக்கொடுத்து'விட்டு, ஏறவில்லை என்று நாம் தீர்ப்பு எழுதுகிறோம்.

ஜப்பானில் மசாகோ வகாமியா என்ற வங்கி ஊழியர் ஓய்வு பெறும் காலத்தில் முதல் கம்ப்யூட்டரை வாங்கினார். அதை அமைத்து இணைப்புப் பெறவே அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. தாயாரைப் பராமரிக்க வீட்டோடு இருக்க வேண்டியிருந்தவருக்கு, மனிதர்களோடு பேச அதுவே வழியாயிற்று. பிறகு, முதியவர்கள் விளையாடத் தகுந்த செயலிகளே இல்லையே என்ற குறையில், 80 வயதைத் தாண்டிய பின் ஐபோன் செயலி எழுதும் நிரல்மொழியைக் கற்றார். மார்ச் 3ஆம் தேதி ஜப்பானில் பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருவிழா. நம் நவராத்திரிக் கொலுபோல் படிகளில் பொம்மைகளை அடுக்குவார்கள். எந்தப் பொம்மை எந்தப் படியில் என்பதைச் சரியாக வைக்கும் விளையாட்டை 2017இல் வெளியிட்டார். அதில் பொம்மையை விரலால் இழுத்துச் செல்ல வேண்டாம், தொட்டால் போதும். உலர்ந்த விரல் கண்ணாடிமேல் வழுக்காது என்பது அவருக்குத் தெரியும். அந்த ஆண்டு ஜூனில் ஆப்பிள் நிறுவனம் நிரலாளர் மாநாட்டுக்கு அவரை அழைத்தது. அப்போது அவருக்கு 82 வயது.

கேரளத்தின் கார்த்தியாயினி அம்மாவையும் சொல்ல வேண்டும். ஆலப்புழை மாவட்டத்துக்காரர். 2018இல், 96ஆவது வயதில், மாநில எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100க்கு 98 மதிப்பெண் வாங்கினார். கம்ப்யூட்டர் கற்க வேண்டும் என்று அடுத்த ஆசையைச் சொன்னார். அப்போதைய கல்வி அமைச்சர் மடிக்கணினி பரிசளித்தார். அதே மாநிலத்தில் புல்லம்பாறை என்ற பஞ்சாயத்து 2021இல் ஊர் முழுக்க எல்லாருக்கும் போன் பழக்கும் வேலையைத் தொடங்கியது. நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களுக்கு வேலை நடக்கும் இடத்திலேயே, இடைவேளையில் கற்றுக்கொடுத்தார்கள். தங்கள் கூலி வங்கியில் ஏறிவிட்டதா என்று பார்ப்பது அவர்களுக்குத் தேவையாக இருந்தது. வகுப்பறையில் கொடுக்கும் பொதுவான பாடத்தைவிட, தனக்கு வேண்டிய ஒன்றைத் தன் போனில், தன் இடத்தில் செய்து பார்ப்பது பல மடங்கு ஒட்டும். அந்தத் திட்டம் மாநிலம் முழுவதும் விரிந்து, 21 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றார்கள்.

இனி 'குடுங்கப்பா, நான் பண்ணித் தரேன்' என்ற அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் நார்மன் ஸ்லமெக்காவும் பீட்டர் கிராஃபும் 1978இல் ஓர் எளிய சோதனை செய்தார்கள். சிலருக்குச் சொற்களின் இணையைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்கு இணையில் ஒரு சொல்லும், மற்றதன் முதல் எழுத்தும் மட்டும். மீதியைத் தாங்களே யோசித்து நிரப்ப வேண்டும். தாங்களே நிரப்பிய சொற்கள்தான் நினைவில் நன்றாகத் தங்கின. முழுதாகக் கையில் கிடைத்த சொல் நழுவிவிடுகிறது. தேடி எடுத்த சொல் தங்குகிறது. பிறகு வந்த ஆய்வுகளில் முதியவர்களிடமும் இந்த விளைவு தென்பட்டது. போனைக் கையிலிருந்து வாங்கும் ஒவ்வொரு தடவையும் நான் அப்பாவிடமிருந்து பறித்தது அந்தத் தேடலை.

இன்னொன்றும் எனக்குப் பயத்தைத் தருகிறது. வீட்டில் யாராவது 'ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க' என்று கேட்டதும் எண்ணைப் படித்துச் சொல்லப் பழகியவர், முன்பின் தெரியாத ஒருவன் வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று அதையே கேட்கும்போதும் படித்துச் சொல்லிவிடுவார். பழக்கம் ஆளைப் பார்க்காது. பாதுகாப்பு என்று நினைத்து எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்து, மோசடிக்காரனுக்கு வேண்டிய பழக்கத்தை நாமே ஊட்டுகிறோம். பணம் போனவுடன் அழைக்க வேண்டிய 1930 என்ற எண் அப்பாவின் நோட்டில் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஓடிபி எதற்கு வருகிறது என்று அவர் தன் கையாலேயே பார்த்துத் தெரிந்துகொண்டது.

மூன்றாவது நவம்பரில் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அவை தாமாகவே நீண்டுவிடும். அப்பா தவறான திரைக்குப் போனார். வாசலுக்கு வந்தார். மறுபடி போனார். ஓடிபி கெடு தாண்டிவிட்டது. இன்னொன்று கேட்டு வாங்கினார். முகம் காட்டும் இடத்தில் ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து அடித்தது. அவரே நாற்காலியைத் திருப்பிப் போட்டார். நாற்பது நிமிடம் ஆனது. ஒரு வாரம் கழித்து, எந்தத் தேவையும் இல்லாமல், செயலியைத் திறந்து ஓடிபி வரைக்கும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இடைவெளி விட்டுத் திரும்பச் செய்தால் நினைவு உறுதிப்படும் என்று ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே எழுதியதை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் மாலை அவருடைய அலுவலக நண்பர் ஒருவர் லேண்ட்லைனில் கூப்பிட்டார். அவருக்கும் சான்று எடுக்க வேண்டும். மகன் ஊரில் இல்லை. அப்பா ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு நோட்டைப் புரட்டினார்.

"லேசா தொட்டு எடுங்க. அழுத்தாதீங்க. வேற ஏதோ வந்துடுச்சா? வரட்டும், ஒண்ணும் ஆகாது. கீழ நடுவுல ஒரு வட்டம் இருக்கா... அதத் தொடுங்க. வந்துட்டீங்களா? சரி, திரும்ப முதல்லேருந்து. நான் லைன்லயே இருக்கேன்."

பிறகு வெகுநேரம் அப்பா ஒன்றும் பேசவில்லை. ரிசீவர் காதிலேயே இருந்தது.